மரம் வளர்த்த மாதரசி வங்காரி மாத்தாய்

பெண்ணைப் படிக்க வைத்து ஆகப்போவது என்ன என்று கேட்போர் இன்னும் சில இல்லங்களில் இருக்கத்தான் செய்கின்றனர். அவர்களுக்கு விடையாகப் பெண்மணியர் பலரின் வரலாறுகளை நாம் எடுத்துக் காட்டலாம். இவ்வாண்டு மலருக்காக நாங்கள் தேர்ந்தெடுத்திருப்பது அரியணையில் அமர்ந்த அரசியின் கதையன்று. போர்க்களம் கண்ட வீராங்கனையின் கதையுமன்று. உடைந்த பானைகளிலும் பழைய தகரக் குவளைகளிலும் விதைகளை முளைக்க வைத்து, ஏழைக் குடியானவப் பெண்களைக் கொண்டே ஒரு நாட்டின் காடுகளை மீட்கப் புறப்பட்ட ஓர் ஆசிரியையின் கதை இது. அவர்தாம் கென்யா நாட்டின் வங்காரி மாத்தாய் அம்மையார். நம்மைப் போலவே கன்னியர் மடப் பள்ளியில் பயின்றவர். எங்கள் வகுப்பினர் பேசத் தொடங்கும் முன்னரே, 2011-ஆம் ஆண்டிலேயே, இவ்வுலகை விட்டு மறைந்தவர்.

பிறப்பும் இளமையும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்கே, நிலநடுக்கோடு ஊடறுத்துச் செல்லும் நாடு கென்யா. அதன் நடுப்பகுதியில் கென்யா மலையும் அபர்டேர் மலைத்தொடரும் வான் நோக்கி நிற்கின்றன. அம்மலைச் சரிவுகளில் நியேரி மாவட்டத்தைச் சேர்ந்த இஹிதே என்னும் சிற்றூரில், 1940-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வங்காரி பிறந்தார். பெற்றோர் கிக்கூயூ இனத்தைச் சேர்ந்த உழவர்கள். அக்காலத்தில் கென்யா ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தது. தந்தையார் நகூரு என்ற ஊருக்கருகில் வெள்ளையர் ஒருவரின் பண்ணையில் வேலை செய்து வந்தார்.

இஹிதேயில் அவர்கள் வீட்டுக்கு அருகே ஒரு பெரிய அத்தி மரம் நின்றது. அதன் காலடியில் தெளிந்த நீரூற்று ஒன்று சுரந்து ஓடையாக ஓடியது. விறகு பொறுக்கச் செல்லும் சிறுமி வங்காரியிடம், அந்த மரத்தின் சுள்ளியைக்கூடத் தொடக்கூடாது, அது கடவுளின் மரம் என்று தாயார் சொல்லி அனுப்புவார். வங்காரி அந்த ஓடையில் இறங்கித் தவளை முட்டைகளை மணிமாலை என்று எண்ணிக் கழுத்தில் கோத்துக்கொள்ள முயல்வார். அவை கையில் எடுத்ததும் நழுவி ஓடிவிடும். அத்தி மரத்தின் வேர் பாறையை ஊடுருவி நிலத்தடி நீருக்கு வழி விடுகிறது என்பதும், சரிவான மண்ணைச் சரியாமல் பிடித்து வைக்கிறது என்பதும் பிற்காலத்தில் அறிவியல் பயின்ற பின்னரே அவருக்கு விளங்கின. எழுத்தறியாத தாயார் இட்ட கட்டளைக்குள் எத்துணை பெரிய அறிவு இருந்தது!

அந்நாளில் அவ்வூர்ப் பெண் குழந்தைகள் பெரும்பாலும் பள்ளிக்குச் செல்வதில்லை. ஒருநாள் வங்காரியின் அண்ணன், தாம் போவதுபோலத் தங்கையும் ஏன் பள்ளிக்கு வரக்கூடாது என்று தாயாரைக் கேட்டான். வயலில் உதவிக்கு மகள் தேவை, கையிலோ பணமில்லை. இருந்தும் அந்தத் தாய், வராமலிருக்கக் காரணம் ஒன்றுமில்லை என்று முடிவு செய்தார். ஒரு சிறுவனின் கேள்வியும் ஒரு தாயின் துணிவும் சேர்ந்து உலகுக்கு ஒரு வங்காரியைத் தந்தன.

மடத்துப் பள்ளிகளில்

பதினோராவது வயதில் வங்காரி, நியேரியில் இத்தாலிய அருட்சகோதரிகள் நடத்திய புனித செசிலியா விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேதான் கத்தோலிக்க மறையைத் தழுவினார். மரியன்னை, சூசையப்பர் ஆகியோரின் நினைவாக மேரி ஜோசபின் என்ற பெயரை ஏற்றார். மரியாயின் சேனையில் சேர்ந்து பணி செய்தார். அப்பள்ளியில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். தாய்மொழியில் பேசிய மாணவி ஒரு வில்லையை அணிந்துகொள்ள வேண்டும். நாள் முடிவில் தண்டனையாக வேலைகளும் செய்ய வேண்டும். ஆங்கிலம் அவருக்கு நன்றாகவே வந்தது. ஆனால் தாய்மொழியைத் தாழ்வாக எண்ணச் செய்த அந்த வழக்கம் சரியன்று என்பதைப் பிற்காலத்தில் அவர் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார்.

1956-இல் வகுப்பில் முதலிடம் பெற்று, லிமூருவில் அயர்லாந்து நாட்டு லொரேட்டோ சபைச் சகோதரிகள் நடத்திய உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அன்னை தெரேசா இந்தியாவுக்கு வந்ததும் இந்த லொரேட்டோ சபையின் துறவியாகத்தான் என்பதை நாம் அறிவோம். லிமூருவில்தான் அறிவியலில் அவருக்குத் தீராத பற்று உண்டாயிற்று.

1960-ஆம் ஆண்டில், கிழக்கு ஆப்பிரிக்க மாணவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று படிக்க வைக்கும் திட்டத்தில் அவருக்கும் இடம் கிடைத்தது. கான்சாஸ் மாநிலத்தில் பெனடிக்ட் சபைச் சகோதரிகளின் கல்லூரியில் உயிரியலில் 1964-இல் பட்டம் பெற்றார். பின்னர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்று, 1966-இல் விடுதலை பெற்ற தம் தாய்நாட்டுக்குத் திரும்பினார்.

நைரோபியில் அவருக்கென்று உறுதியளிக்கப்பட்டிருந்த வேலை, அவர் வந்து சேர்வதற்குள் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. தாம் பெண் என்பதும், தம் இனமும் அதற்குக் காரணங்கள் என்று அவர் கருதினார். சோர்ந்துவிடவில்லை. கால்நடை உடற்கூற்றியல் துறையில் வேலை தேடிக்கொண்டார். ஜெர்மனிக்கும் சென்று பயின்றார். 1971-இல் முனைவர் பட்டம் பெற்றார். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்கா முழுவதிலும் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. சில ஆண்டுகளில் அத்துறையின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

வறண்ட ஓடை

கால்நடைகளைத் தாக்கும் ஒரு நோயைப் பற்றியும் அதைப் பரப்பும் உண்ணிகளைப் பற்றியும் ஆராய்வதற்காக அவர் ஊர் ஊராகச் சென்றார். அப்போது உண்ணியைவிடப் பெரிய தீங்கு ஒன்று கண்ணில் பட்டது. மழைக்காலத்து ஆறுகள் சேற்று நிறத்தில் ஓடின. வயல்களின் மேல்மண் ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. மக்களும் மெலிந்திருந்தனர்.

பிறந்த ஊருக்குப் போனார். அத்தி மரத்தைக் காணோம். நிலத்தின் புதிய உரிமையாளர் அதை வெட்டிவிட்டுத் தேயிலை பயிரிட்டிருந்தார். மரம் போனது, ஊற்றும் போனது, தவளைகளும் போயின. அபர்டேர் மலையின் இயற்கைக் காடுகள் இருந்த இடங்களில் பைன் மரங்களும் யூகலிப்டஸ் மரங்களும் வரிசையாக வளர்க்கப்பட்டிருந்தன. அவை மரத்தடிக்கும் காகிதத்துக்கும் உதவுமேயன்றி, பழைய காட்டைப்போல மழைநீரைத் தேக்கி வைக்கவில்லை.

1975-ஆம் ஆண்டையொட்டி, கென்யா மாதர் தேசியக் கழகத்தின் கூட்டங்களில் கிராமத்துப் பெண்கள் தங்கள் குறைகளை எடுத்துரைத்தனர். விறகில்லை, நல்ல தண்ணீரில்லை, பிள்ளைகளுக்குச் சத்துள்ள உணவில்லை, கையில் காசில்லை என்பனவே அக்குறைகள். விறகு கிடைக்காததால், விரைவில் வேகும் உணவையே பெண்கள் சமைத்தனர். காப்பியும் தேயிலையும் பணம் தரும் என்று நிலமெல்லாம் அவற்றுக்கே போனதால், வீட்டுக்கு வேண்டிய பயறும் கிழங்கும் குறைந்தன. சத்துக் குறைவால் பிள்ளைகள் நோயுற்றனர். இக்குறைகள் யாவும் வெவ்வேறு நோய்கள் அல்ல, வெட்டுண்ட மரம் என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை வங்காரி உணர்ந்தார். மரம் நட்டால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது.

ஏழு மரங்கள்

முதல் முயற்சி வெற்றி பெறவில்லை. நைரோபியை அடுத்த கரூரா காட்டில் அவர் அமைத்த நாற்றங்காலில், தண்ணீர் போதாமல் கன்றுகள் மாண்டன. அத்தோல்வி அவருக்கு நல்ல ஆசிரியராயிற்று. 1977-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, மாதர் கழகத்தினர் ஊர்வலமாகச் சென்று கமுகுஞ்சி பூங்காவில் ஏழு மரக்கன்றுகளை நட்டனர். அதுவே பசுமைப் பட்டை இயக்கத்தின் தொடக்கம். ஒவ்வொரு குழுவும் குறைந்தது 1,000 கன்றுகளை வரிசையாக நட்டு, நிலத்துக்குப் பச்சைக் கச்சை கட்டியதுபோல் ஆக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால் அப்பெயர் வந்தது.

நாட்டில் அப்போது ஒன்றரைக் கோடி மக்கள் இருந்தனர். ஆளுக்கொரு மரம் நட வேண்டும் என்று வங்காரி கூறியபோது, வனத்துறைத் தலைவர் சிரித்துவிட்டு, வேண்டிய கன்றுகளையெல்லாம் இலவசமாகவே தருவதாக வாக்களித்தார். ஓராண்டு முடிவதற்குள் பெண்கள் கேட்ட கன்றுகளைக் கொடுக்க முடியாமல் தம் வாக்கைத் திரும்பப் பெற்றார்.

இனி நாற்றுகளைப் பெண்களே வளர்க்க வேண்டும் என்றாயிற்று. பாடம் சொல்ல வந்த வனவியலார் மண்ணின் சாய்வு கோணத்தையும் கருவிகளின் பெயர்களையும் பற்றிப் பேசினர். பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரம் வளர்க்கப் பட்டயம் வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. அவரை விதையும் மக்காச்சோளமும் ஊன்றி அறுக்கும் கைகளுக்கு மர விதையை ஊன்றத் தெரியாதா என்று வங்காரி எண்ணினார். அருகிலுள்ள காட்டிலேயே விதை பொறுக்குங்கள், உங்களுக்குத் தெரிந்த முறையிலேயே முளைக்க வையுங்கள் என்று அப்பெண்களுக்குச் சொன்னார். உடைந்த பானைகள் நாற்றுத் தொட்டிகளாயின. கோழியும் ஆடும் எட்டாத உயரத்தில் அவற்றை வைத்தனர். ஒரு குழு கற்றதை அடுத்த ஊர்க் குழுவுக்குக் கற்றுக் கொடுத்தது. கூட்டங்கள் அவரவர் தாய்மொழியில் நடந்தன.

இவ்வியக்கத்தில் ஒரு விதி எங்களை மிகவும் கவர்ந்தது. கன்றை நட்டதற்குக் கூலி இல்லை. நட்ட கன்று பிழைத்திருந்தால்தான் கூலி. அமெரிக்கக் கணக்கில் ஒரு கன்றுக்கு ஏறத்தாழ 4 சென்ட் மட்டுமே. சிறு தொகைதான். எனினும் தன் உழைப்புக்கென்று தன் கையிலேயே வந்து சேர்ந்த காசு, அப்பெண்களுள் பலருக்கு அதுவே முதல் தடவை. நிலம் பெரும்பாலும் ஆண்களின் பெயரில்தான் இருந்தது. விறகும் தண்ணீரும் சுமப்பவள் பெண். மரத்தைப் பற்றி முடிவு செய்பவர் ஆண் என்ற நிலையை அந்தச் சிறு தொகை மெல்ல அசைத்தது. மரங்கள் வளர்ந்து பயன் தருவதைக் கண்ட ஆண்களும் பின்னர் வந்து சேர்ந்தனர்.

வயலும் மரமும் காடும்

பயிரையும் மரத்தையும் ஒரே நிலத்தில் சேர்த்து வளர்ப்பதை வேளாண் காடு என்பர். பெண்கள் தங்கள் வயல் வரப்பிலும் சரிவிலும் விறகு மரம், கனி மரம், தீவன மரம் ஆகியவற்றை நட்டனர். மரத்தின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். உதிரும் இலை உரமாகும். கழித்த கிளை அடுப்புக்காகும். அதனால் காட்டுக்குச் சென்று வெட்ட வேண்டியதில்லை. மறந்துபோன கிழங்கு வகைகளையும் வீட்டைச் சுற்றிப் பயிரிடுமாறு இயக்கம் ஊக்குவித்தது.

ஆனால் வயலுக்கு மரம் வரலாமே தவிர, மலைக்காட்டுக்குள் வயல் நுழையக்கூடாது என்பதில் வங்காரி உறுதியாக இருந்தார். அரசின் காட்டில் இளமரங்களுக்கிடையே பயிரிட உழவர்க்கு இடம் கொடுக்கும் பழைய முறையை அவர் எதிர்த்தார். அதனால் இயற்கைக் காடு அழிந்து, விற்பனைக்கான மரங்களே மிஞ்சுகின்றன என்பது அவர் கருத்து. ஆறுகள் பிறக்கும் இடங்களில் அம்மண்ணுக்கே உரிய மரங்களையே நட வேண்டும் என்று வலியுறுத்தினார்.

சோதனைகள்

நற்பணி செய்வோர்க்குச் சிலுவையும் உண்டன்றோ? வங்காரியின் மணவாழ்வு 1979-இல் நீதிமன்றத்தில் முறிந்தது. தீர்ப்பைக் குறை கூறியதற்காக அவருக்கு 6 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, மூன்று நாளில் விடுதலை கிடைத்தது. கணவர் தம் குடும்பப் பெயரை இனி அவர் பயன்படுத்தக்கூடாது என்றார். வங்காரி அப்பெயரின் முதல் குறிலை நெடிலாக்கி மாத்தாய் என்று எழுதினார். பெயர் புதிதாயிற்று, அது அவருக்கே உரியதுமாயிற்று. 1982-இல் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பதற்காகப் பல்கலைக்கழக வேலையை விட்டு விலகினார். வேட்பு மனு ஏற்கப்படவில்லை. வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை. குடியிருந்த வீட்டையும் காலி செய்ய நேர்ந்தது. மூன்று குழந்தைகளின் தாயான அவர் வெறுங்கையராய் நின்றார். அதன் பின்னரே பசுமைப் பட்டை இயக்கத்துக்கு முழு நேரத்தையும் கொடுத்தார்.

1989-இல் நைரோபியின் உகூரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப ஆளுங்கட்சியினர் திட்டமிட்டனர். ஏழைகள் இளைப்பாறும் அவ்விடத்தைக் காக்க வங்காரி கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். நாடாளுமன்றத்தில் அவரை ஏளனம் செய்தனர். இயக்கத்தை அதன் அலுவலகத்திலிருந்து வெளியேற்றினர். அவர் தம் சிறு வீட்டையே அலுவலகமாக்கிக்கொண்டார். வெளிநாட்டார் பணம் தரத் தயங்கினர், கட்டடம் எழவில்லை, பூங்கா பிழைத்தது.

1992-இல் அரசியல் கைதிகளின் அன்னையருடன் அதே பூங்காவில் உண்ணா நோன்பு இருந்தபோது, காவலரின் தாக்குதலில் நினைவிழந்து வீழ்ந்தார். அன்னையர் பேராலயம் ஒன்றில் அடைக்கலம் புகுந்து போராட்டத்தைத் தொடர்ந்தனர். 1993-இல் அவர்களுடைய மைந்தர்கள் விடுதலை அடைந்தனர். 1999 ஜனவரியில், தனியாருக்குப் பங்கிடப்பட்ட கரூரா காட்டில் மரம் நடச் சென்றபோது அடியாட்கள் தாக்க, தலையில் காயமுற்றார். காவல் நிலையத்தில் கொடுத்த புகாரில் தம் இரத்தத்தைக் கொண்டே கையொப்பமிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் பொது நிலங்களைப் பங்கிட்டுக் கொடுப்பதைக் குடியரசுத் தலைவர் தடை செய்தார். முன்பு தம் கன்றுகள் மாண்ட அதே காட்டை இவ்வாறு அவர் மீட்டார்.

புகழும் மறைவும்

2002 தேர்தலில் 98 விழுக்காடு வாக்குகள் பெற்று வங்காரி நாடாளுமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டு சுற்றுச்சூழல் துணை அமைச்சராகவும் ஆனார். 2004 அக்டோபர் 8-ஆம் நாள், தம் தொகுதிக்குச் சென்றுகொண்டிருந்தபோது, அமைதிக்கான நோபல் பரிசு தமக்குக் கிடைத்த செய்தி எட்டியது. அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவரே. கென்யா மலையை நோக்கி நின்று, மண்ணில் மண்டியிட்டு, ஒரு கன்றை நட்டுத்தான் அவர் அந்நாளைக் கொண்டாடினார். மரத்துக்கும் அமைதிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியந்தனர். நீரும் நிலமும் விறகும் குறையும்போதுதான் மக்கள் ஒருவரோடொருவர் மோதுகின்றனர் என்பதே அவர் தந்த விடை. அதற்குள் அவரது இயக்கம் 3 கோடி மரங்களை நட்டிருந்தது. அது பின்னர் 5 கோடியையும் தாண்டியது. ஏறத்தாழ 30,000 பெண்கள் காடு வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, உணவு பதப்படுத்துதல் போன்ற தொழில்களைக் கற்றுப் பயன் பெற்றனர்.

புற்றுநோயால் 2011 செப்டம்பர் 25-ஆம் நாள், 71-ஆம் வயதில் அவர் நைரோபியில் உயிர் நீத்தார். தமக்காக ஒரு மரம்கூட வெட்டப்படலாகாது என்பதால், மரப்பெட்டி வேண்டாம் என்று முன்னரே சொல்லியிருந்தார். அவ்வாறே மூங்கிலாலும் கோரையாலும் ஆகாயத் தாமரைத் தண்டாலும் பின்னிய பேழையில் அவர் உடல் இறுதிப் பயணம் சென்றது.

நாம் கற்பது

இக்கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது எங்களுக்கு வெட்கமே மேலிட்டது. சென்ற ஆண்டு வன மகோத்சவத்தில் எங்கள் வகுப்பு 20 கன்றுகளை நட்டது. பாட்டுப் பாடினோம், கைதட்டினோம், படம் எடுத்துக்கொண்டோம். கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது உயிரோடு நின்றவை ஆறே. குறை வெயிலினுடையதன்று, எங்களுடையது. வங்காரி அம்மையாரின் விதிப்படி பார்த்தால் எங்களுக்கு ஆறு கன்றுகளுக்கான கூலிதான் உண்டு. மற்றப் பதினான்குக்குப் பாராட்டுப் பெற நாங்கள் தகுதியற்றவர்கள்.

ஆகவே, அருட்சகோதரிகளின் அனுமதியோடு ஒரு முறை வகுத்துள்ளோம். நான்கு வேம்புக்கும் இரண்டு புங்கனுக்கும் வாரம் இருவராகத் தண்ணீர் விடுகிறோம். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் தோழியர் விடுமுறை நாள்களை ஏற்றுக்கொண்டனர். நாங்கள் பள்ளியை விட்டுச் சென்றபின் ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் தொடர்வதாக வாக்களித்துள்ளனர். அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே: அடுத்த ஆண்டு மலரில் எத்தனை கன்றுகள் நட்டோம் என்று எழுதாதீர்கள், எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

பத்தாம் வகுப்பு, அ பிரிவு